அத்தை போட்ட மார்க்

சுண்டெலிக்கு இந்த நோய் வந்தால் முதலில் வால் தொங்கும். எனக்கு வால் இல்லை. அதனால் நோய் வந்து உட்கார்ந்தது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

2009, பங்குனி மாதம். கடலூரில் எங்கள் வீடு, சிதம்பரத்தில் எனக்கு வேலை. தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் திரும்புகிறவள். அன்றைக்கு சிதம்பரத்தில் இறங்கி நாலு எட்டு நடந்த பிறகு வலது காலில் செருப்பு இல்லை என்று பார்த்தேன். பார்த்தேன் என்பதுதான் சரி. கால் சொல்லவில்லை. கீழே கிடந்த ஜல்லிக்கல் குத்தியிருக்க வேண்டும், குத்தவில்லை. பஸ்ஸில் நெருக்கி உட்கார்ந்ததில் மரத்துப் போயிருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு, பஸ் நிலையத்துக் கடையில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கி மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். நரம்பு நோயை ஆராய்ச்சி செய்கிறவளின் லட்சணம் இது.

என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நான் பட்ட பாடு புரியாது. நம் உடம்பில் நோய் எதிர்ப்புச் செல்கள் என்று ஒரு காவல் கூட்டம் இருக்கிறது. கிருமி நுழைந்தால் அவை ஒன்றுக்கொன்று ரசாயனத்தால் சேதி அனுப்பிக்கொள்ளும். ஒன்று ‘திருடன்’ என்று குரல் கொடுத்தால் தெருவே தடியோடு வந்து நிற்கும். குரலை எவ்வளவு சத்தமாகக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் மரபணுக்களில் இருக்கிறது. சில சமயம் தெரு தப்பு செய்துவிடும். திருடன் என்று நினைத்து பால்காரரை அடித்துவிடும். அப்படித்தான் இந்தச் செல்கள் நம் நரம்பையே அடிக்க ஆரம்பிக்கும். கரண்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் இருப்பதைப் போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு. அது அடிபட்டு வீங்கிப் போனால் உள்ளே சேதி ஓடாது. மூளை ‘நட’ என்று சொன்னாலும் காலுக்குப் போய்ச் சேராது. இந்த வீக்கத்தைத்தான் அழற்சி என்கிறோம்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் கறுப்புச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு இந்த நோயை வரவழைப்போம். ஒரு கூட்டம் சாதாரண எலிகள். இன்னொரு கூட்டத்துக்கு, சேதி அனுப்பும் மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே இருக்காது. எந்தக் கூட்டத்துக்கு நோய் கடுமையாக வருகிறது என்று பார்த்தால் அந்த மரபணு நெருப்பை மூட்டுகிறதா அணைக்கிறதா என்று தெரிந்துவிடும். பார்ப்பது என்றால் தினமும் மார்க் போடுவது. நன்றாக ஓடினால் சைபர். வால் தொங்கினால் ஒன்று. பின்னங்கால்கள் தடுமாறினால் இரண்டு. பின்னங்கால்கள் இரண்டும் அடியோடு செத்துப்போய் இழுத்துக்கொண்டு கிடந்தால் மூன்று. முன்னங்காலுக்கும் பரவினால் நான்கு. ஐந்து என்றால் எலியே இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், குறைவாக வாங்கினால்தான் கெட்டிக்கார எலி.

இதில் கண்டிப்பான ஒரு விதி உண்டு. எது எந்தக் கூட்டத்து எலி என்று மார்க் போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் நம்மை அறியாமல் மனசு உள்ளே புகுந்துவிடும். அதனால் கூண்டில் தொங்கும் அட்டையை மறைத்துவிட்டுத்தான் எலியைக் கையில் எடுப்போம்.

செருப்பு தொலைந்த இரண்டாம் நாள் இரண்டு கால்களும் என்னை விட்டுப் போய்விட்டன. வயிற்றைச் சுற்றி ஈரத் துணியை முறுக்கிக் கட்டியதைப் போல ஓர் இறுக்கம். ஒன்றுக்கு முட்டியது, ஆனால் வரவில்லை. என் வீட்டுக்காரர் சேகர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். ஆள் ஒல்லி. நான் அப்படியில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஆட்டோவில் உட்கார வைத்தபோது அவர் முகத்தில் ஓடிய வேர்வையை இன்னும் மறக்க முடியவில்லை. பாரத்தால் வந்த வேர்வை மட்டும் இல்லை அது.

கடலூரில் பார்த்த டாக்டர் ஒரு ஊசியை எடுத்து மார்பிலிருந்து கீழே குத்திக் குத்தி, குத்துவது தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தார். தொப்புளோடு எல்லாம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவர் வேறு யாரையோ குத்திக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அந்தக் குழாய்க்குள் யாரோ தகரத்தை அடிப்பது போன்ற சத்தத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். படத்தைப் பார்த்ததும் சிதம்பரத்தில் நரம்பு டாக்டர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தினமும் வேலைக்குப் போகிற அதே சாலையில் ஆம்புலன்சில் மல்லாந்து போனேன்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முதுகுத்தண்டின் நடுவில் குறுக்காக ஒரு துண்டு வெளுத்திருப்பதைக் காட்டினார். டிரான்ஸ்வர்ஸ் மயலைட்டிஸ். அதாவது தண்டுவடத்தில் குறுக்காக வந்த அழற்சி. முந்தைய மாதம் எனக்கு வந்துபோன காய்ச்சலை விரட்டக் கிளம்பிய செல்கள், அது போன பிறகும் ஓயாமல் என் நரம்பையே பிடித்துக்கொண்டிருக்கலாம், பல பேருக்கு இன்ன காரணம் என்று உறுதியாகத் தெரிவதே இல்லை என்றார்.

“எலிகிட்டேர்ந்து ஒட்டிக்கிச்சா டாக்டர்?” என்று சேகர் கேட்டார். இது யாரிடமிருந்தும் யாருக்கும் ஒட்டாது என்றார் டாக்டரம்மா. அடுத்த கேள்வியை சேகர் என்னிடம் விட்டுவிட்டார். நான்தான் கேட்டேன், நடப்பேனா என்று.

“சிலர் முழுசா எழுந்துடுவாங்க. சிலர் குச்சி வெச்சிக்கிட்டு நடப்பாங்க. சிலருக்கு வராமலே போயிடும். நீங்க எதுல வருவீங்கன்னு இப்பவே என்னால சொல்ல முடியாதும்மா” என்றார்.

அவருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் மூன்று. வருஷக்கணக்கில் எலிகளைக் கையில் எடுத்துப் பார்த்தவள். மூன்று வாங்கிய எலிகளில் மெல்ல எழுந்து நடந்தவை, கடைசியில் அட்டையைத் திறந்து பார்த்தால், மரபணு இல்லாத கூட்டமாகத்தான் இருக்கும். மூன்று வாங்கிய சாதாரண எலி எழுந்து நான் ஒரு தடவையும் பார்த்ததில்லை. எனக்கோ எல்லா மரபணுவும் ஒழுங்காக இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்காக வருத்தப்பட்டேன். சேகரிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு அவரை ஷிப்டுக்குப் போகச் சொன்னேன்.

பெண்கள் வார்டில் இருட்டிய பிறகு ஆம்பிளைகள் இருக்கக் கூடாது. என் அம்மா இல்லை. அதனால் காடாம்புலியூரிலிருந்து மாமியார் வந்தார். அது முந்திரி பொறுக்கும் நேரம். வருஷம் முழுக்க அந்த ரெண்டு மாசத்தை நம்பித்தான் அவர் தோப்பு. மரத்தடியில் கொட்டை உதிர்ந்து கிடக்க, ஒரு கட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துவிட்டார்.

எனக்கும் அத்தைக்கும் அதுவரை சண்டை இல்லை, ஒட்டுதலும் இல்லை. அவர் கடலூர் வந்து தங்கும் நாட்களில் நான் வேலையிலிருந்து வந்தால் எலி நாற்றம் அடிக்கிறது என்று வாசலிலேயே நிறுத்துவார். பின்பக்கமாகப் போய்த் தலையோடு குளித்த பிறகுதான் சமையல்கட்டு. சொந்தக்காரர்களிடம் மருமகள் காலேஜில் வேலை பார்க்கிறாள் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார்.

அந்த அத்தைதான் வந்த முதல் காரியமாக, நான் எட்ட முடியாத அலமாரியில் நர்ஸ் வைத்திருந்த தண்ணீர் பாட்டில், சீப்பு, செல்போன் எல்லாவற்றையும் எடுத்துத் தலையணை ஓரமாக அடுக்கினார். எனக்கு எங்கள் கூண்டுகள் ஞாபகம் வந்தன. நடக்க முடியாத எலியால் கூண்டின் மேலே தொங்கும் தண்ணீர் பாட்டிலை எட்ட முடியாது. அதற்காக நாங்கள் தீவனத்தைத் தண்ணீரில் குழைத்துத் தரையில் சின்னத் தட்டில் வைப்போம். அத்தைக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

சோதனைகள் நடந்தன. முதுகில் ஊசி போட்டு தண்டுவட நீரை எடுப்பார்கள் என்றதும் அத்தை மிரண்டார். முதுகில் தண்ணீர் எடுத்தால் கால் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு. போவதற்குக் கால் மிச்சம் இல்லை அத்தை என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. சிறுநீருக்குக் குழாய் வைத்தார்கள். எலிகளுக்கும் அது நின்றுவிடும், இரண்டு விரலால் அடிவயிற்றை மெதுவாக அழுத்தி நாங்கள்தான் எடுத்துவிடுவோம். எத்தனை எலிகளுக்குச் செய்திருப்பேன், ஒன்றுக்காவது கூச்சமாக இருக்குமே என்று நினைத்ததில்லை. பிறகு ஸ்டீராய்டு மருந்தை பாட்டிலில் கலந்து கை ரத்தக்குழாய் வழியாக ஏற்றினார்கள். தெருவில் எழுந்த கூப்பாட்டை அடக்குகிற மருந்து அது. முகம் பூசணிக்காய் மாதிரி ஆனது, தூக்கம் போனது, வாயெல்லாம் கசந்தது. சேகர் ஷிப்ட் முடித்து கடலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, வெளியே இட்லியும் கொத்சும் வாங்கி வந்து, சின்னச் சின்ன வாயாக ஊட்டிவிட்டுப் போவார். பில்லை மட்டும் என் கண்ணில் காட்டாமல் சட்டைப் பையில் மடித்துக்கொள்வார்.

கால் அசையவில்லை. காலையில் கண் விழித்ததும் கட்டைவிரலை அசைக்கப் பார்ப்பேன். பிறகு மெதுவாக ‘மூணு’ என்று சொல்லிக்கொள்வேன். மனசுக்குள் சொன்னதாக நினைத்திருந்தேன்.

“என்னாம்மா, தெனம் கண்ணத் தொறந்ததும் மூணு மூணுன்ற?” என்று ஒருநாள் அத்தை கேட்டார்.

மறைக்கத் தெம்பு இல்லை. மார்க்கைப் பற்றி எல்லாம் சொன்னேன். மூன்று வாங்கிய எலி எழாது என்பதையும் சொன்னேன். அவர் பாயைச் சுருட்டி ஓரமாக வைத்தார். வேறொன்று கேட்டார்.

“எலிக்கு யாரு மார்க் போடறது?”

“நான்தான் அத்தை.”

“எலி தனக்குத்தானே போட்டுக்குமா?”

“அது எப்படிப் போட்டுக்கும்?”

“அப்ப நீ மட்டும் எப்பிடிப் போட்டுக்கற? நாளையிலேர்ந்து நான் போடறேன். நீ பேசாம படு.”

மறுநாள் காலை காபி குடித்து முடித்ததும் போர்வையை விலக்கினார். கட்டைவிரல் நகத்தால் என் உள்ளங்காலைக் குதிகாலிலிருந்து மேலே கோடு இழுத்தார். விரல்களையே பார்த்தார். ஆடுசதையை உள்ளங்கையில் தாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். போர்வையை மூடினார். எவ்வளவு என்று கேட்டேன்.

“எலிகிட்ட சொல்லுவியா?”

“மாட்டேன்.”

“உங்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அதிலிருந்து தினமும் இதே கதை. முந்திரி வியாபாரிகளிடம் விலை பேசிப் பழகிய முகம் அது. அதிலிருந்து ஒன்றையும் பிடுங்க முடியாது. ஆனால் ஒன்று நடந்தது. எனக்கு நானே மூன்று சொல்லிக்கொள்வது நின்றுவிட்டது. காலையில் விழித்ததும் அத்தை எப்போது போர்வையை விலக்குவார் என்று காத்திருக்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் கடலூரிலிருந்து சேகருக்குத் தூரத்து உறவான ஓர் அம்மா ஆப்பிளோடு வந்தார். வாயில்லாத ஜீவனுக்கு ஊசி போட்டுக் காலை முடக்கிய பாவம், அதே மாதிரி திரும்பி வந்துவிட்டது என்று என் காது கேட்கவே பேசினார். எனக்குள்ளும் அந்த எண்ணம் எட்டிப் பார்க்காமல் இல்லை. அதனால் ரொம்ப வலித்தது. அத்தை நிதானமாகக் கேட்டார். “உங்க வூட்ல எலிப்பொறி வெக்கறது இல்லியா?” அந்த அம்மா ஆப்பிள் பையைக் கீழே வைத்தார். “வெக்கறீங்க இல்ல? நல்லாத்தான நடந்து வந்தீங்க. அதே மாதிரி நடந்து பஸ்ஸுக்குப் போங்க, நாழி ஆவுது.” ஆப்பிளை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

மருந்து ஏற்றுவது முடிந்து வாரங்கள் போயின. பிசியோதெரபிக்காரர் வந்து என் கால்களை மடக்கி நீட்டிவிட்டுப் போவார். சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம் ஸ்டெல்லா வந்தாள். மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்தபடி இருந்தவள். அவள் கிட்டே வந்ததும் அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு, அவளுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

பாதிச் சோதனையில் நான் விட்டு வந்த எலிகளைப் பற்றி அவளிடம் கேட்கவே இல்லை. செத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சோதனை ஒவ்வொன்றுக்கும் குறித்த நாள் ஒன்று உண்டு. அன்றைக்கு எலிகளை மயக்கி முடித்து, தண்டுவடத்தை எடுத்து, மெல்லிசாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம்.

“முடிக்கலக்கா” என்றாள் ஸ்டெல்லா. “சீவறது உங்க கை. நீங்க இல்லாம எடுத்தா வீணாப் போயிடும்னு நம்ம லேப் சார் அனிமல் கமிட்டியில கேட்டு கூடுதலா நாள் வாங்கிட்டாரு. நான்தான் தீவனம் கொழைச்சு வெச்சிக்கிட்டு இருக்கேன்.” கொஞ்சம் தயங்கினாள். “அக்கா, மூணு வாங்கினதுங்க எழுந்துக்குது.”

“அது ஜீன் இல்லாத கூட்டமா இருக்கும்” என்றேன்.

“நானும் அப்பிடித்தான் நெனச்சேன். சார் அட்டையத் தொறந்து பாத்தாரு. சாதா எலிங்கதான். எல்லாம் இல்லக்கா, ரெண்டு அப்பிடியே கெடக்குது. மத்ததுங்க தள்ளாடித் தள்ளாடி நடக்குது. ஒண்ணு தண்ணி பாட்டில எட்டிப் புடிக்குது.”

“இதுக்கு முன்னாடி எழுந்ததே இல்லியே.”

“நாம எப்பக்கா இவ்ளோ நாள் வெச்சிருந்தோம்?”

நான் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன். அவள் சொன்னது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மூன்று வாங்கிய எலி எழாது என்று இத்தனை நாள் நான் சத்தியம் செய்துகொண்டிருந்தேனே, எந்த எலி எழவில்லை? எழுவதற்கு முன்னாலேயே நாங்கள் முடித்துவிட்ட எலி. மரபணு இல்லாதது சீக்கிரம் எழுந்தது, அதனால் எங்கள் கண்ணில் பட்டது. மற்றதற்கு நேரம் வேண்டியிருந்தது. அந்த நேரத்தை நாங்கள் கொடுத்ததில்லை. சோதனை முடிந்த நாளை நோய் முடிந்த நாள் என்று எடுத்துக்கொண்டு, அதை என் காலுக்கும் பொருத்தி, மனசுக்குள் என்னை நானே கூண்டோடு முடித்து வைத்திருந்தேன். எனக்கு அப்படி நாள் குறித்தவர்கள் யாரும் இல்லை.

அழுதேன். அத்தை பயந்துபோய் ஸ்டெல்லாவை முறைத்தார். அவரிடம் சொன்னபோது பாதிதான் புரிந்திருக்கும். “எழுந்துக்குதாமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஸ்டெல்லாவுக்கு ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மளமளவென்று எழுந்துவிட்டேன் என்று சொன்னால் பொய். எலி எழுந்தால் நானும் எழ வேண்டும் என்று கட்டாயம் இல்லை, எழாத இரண்டும் அதே கூண்டில்தான் இருந்தன. ஆனால் பிசியோதெரபிக்காரர் வரும்போது நான் கூரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் காலை அத்தை உள்ளங்காலில் கோடு இழுத்தார். வழக்கம்போலப் போர்வையை மூடவில்லை. திரும்பவும் இழுத்தார். எழுந்து போய் நர்ஸைக் கூட்டி வந்தார். நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு, “கட்டைவிரல் அசையுதே, நீங்களா அசைக்கிறீங்க?” என்றார். ஆமாம், நான்தான் அசைத்துக்கொண்டிருந்தேன்.

“நான் சொல்லல. சிஸ்டருதான் சொன்னாங்க” என்றார் அத்தை. விதியை மீறவில்லையாம். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

பிறகு உட்கார்ந்தேன், நின்றேன், இரும்பு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தேன். கடலூர் திரும்பினேன். தோப்பில் அந்த வருஷத்து முந்திரியில் பாதி யார் யார் வீட்டுக்கோ போய்விட்டது. அத்தை அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது 2012. வலது கால் இன்னும் சாயங்காலமானால் தேய்க்கும். பஸ்ஸுக்கு ஒரு மடக்குக் குச்சி வைத்திருக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சோதனைக்கு அனுமதி கேட்டு எழுதும்போது, ஒரு கூண்டையாவது நீண்ட நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சேர்த்து எழுதுகிறேன். எழாத அந்த இரண்டு எலிகளையும் நினைத்துக்கொள்வேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது இன்னும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தால், நிச்சயம் எழுவீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. உங்களுக்கு நீங்களே மார்க் போடாதீர்கள் என்று மட்டும் சொல்லுவேன்.

முதன்முதலாகத் திரும்ப வேலைக்குப் போய்விட்டு வந்த சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டில் இருந்தார். வாசலில் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எலி நாத்தம் கொடலப் புடுங்குது. பின்னாடி போய் குளிச்சிட்டு வா” என்றார். அந்தச் சொல்லைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, நானே மொண்டு ஊற்றிக் குளித்தேன். தலைக்குத் துண்டு கொண்டு வந்து கொடுத்தபோது கேட்டேன், ஆஸ்பத்திரியில் எனக்கு எவ்வளவு மார்க் போட்டீர்கள் என்று.

“சைபர்.”

“கடைசி நாளா?”

“மொத நாள்லேர்ந்து.”

முதல் நாள் ஒரு விரல்கூட அசையவில்லையே, யாரைக் கேட்டாலும் மூன்று என்றுதானே சொல்வார்கள், இப்படி மார்க் போட்டால் சோதனையே கெட்டுப் போகும் அத்தை என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

“உன் எலிக்கு நீ எப்பிடி வேணா போட்டுக்க” என்றார் அத்தை, என் தலையைத் துவட்டிக்கொண்டே. “நான் எம் பொண்ணுக்குத்தான போட்டேன்.”

மார்க் போடுகிறவருக்கு எலி யாருடையது என்று தெரியக் கூடாது என்ற விதியை எதற்காக வைத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு நன்றாகப் புரிந்தது. அந்த மார்க்கை நான் திருத்தவில்லை.